உயரமானவருக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்

சட்டை வாங்கும்போது கழுத்தளவு கேட்கிறார்கள். செருப்புக் கடையில் கால் அளவு பார்க்கிறார்கள். ஆனால் அவற்றைவிடப் பல நூறு மடங்கு விலையுள்ள மோட்டார் சைக்கிளை வாங்கும்போது நம் உடலை யாரும் அளப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து வண்டி ஒரே அளவில் வருகிறது. அதில் ஏறுபவர்களோ 150 செ.மீ. உயரத்திலிருந்து 190 செ.மீ. உயரம் வரை பலதரப்பட்டவர்கள்.

நம் நாட்டில் ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. அன்றாடப் பயணத்துக்கென்று விற்கப்படும் 100 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் இந்த உயரத்தினருக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. நீங்கள் 180 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவரா? வீட்டிலிருந்த 100 சி.சி. வண்டியில் ஓட்டப் பழகி, இப்போது சொந்தமாக ஒன்று வாங்க எண்ணியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் காதில் விழும் முதல் அறிவுரை இதுவாகத்தான் இருக்கும்: "இவ்வளவு உயரமாக இருக்கிறாய், பெரிய வண்டியாக வாங்கு."

இந்த அறிவுரையில் பாதி சரி, பாதி தவறு. 'பெரிய வண்டி' என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு பண்புகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வண்டியில் உட்கார இருக்கும் இடம். இரண்டு, வண்டியின் எடை. மூன்று, எஞ்சினின் திறன். உயரமானவருக்கு முதலாவது கட்டாயம் வேண்டும். மற்ற இரண்டும் உயரத்தைப் பொறுத்தவை அல்ல. ஓட்டுபவரின் பழக்கத்தைப் பொறுத்தவை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் தேர்வு எளிதாகிவிடும்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

தலை முதல் கால் வரையுள்ள உயரத்தைவிட, தொடை இடுக்கிலிருந்து தரை வரையுள்ள நீளமே இங்கு முக்கியம். இதை உள்கால் நீளம் எனலாம். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால்கள் நீண்டும் மற்றவருக்கு உடற்பகுதி நீண்டும் இருக்கக்கூடும். இருவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

அளப்பது எளிது. காலணியின்றிச் சுவரில் முதுகு சாய்த்து நேராக நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே வைத்து, அதன் ஓரம் சுவரில் படியுமாறு மேலே அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்திற்குப் பென்சிலால் குறியிட்டுத் தரையிலிருந்து அளந்தால் உள்கால் நீளம் கிடைக்கும். பொதுவாக இது உயரத்தில் 45 முதல் 47 விழுக்காடு வரை இருக்கும். 188 செ.மீ. உயரமானவருக்கு ஏறத்தாழ 86 செ.மீ. எனக் கொள்ளலாம்.

இருக்கை உயரம் எதைச் சொல்கிறது?

வண்டியின் விவரப் பட்டியலில் 'இருக்கை உயரம்' என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனங்கள் தந்துள்ள சில அளவுகளைக் கீழே பாருங்கள்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்: இருக்கை உயரம் 785 மி.மீ.; எடை 112 கி.கி.
பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220: 737 மி.மீ.; 163 கி.கி.
2021-இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: 805 மி.மீ.; 195 கி.கி.
2021-இல் வந்த நான்கு வால்வு ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200: 825 மி.மீ.; 158 கி.கி.
2023-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 825 மி.மீ., உயர்த்தி வைத்தால் 845 மி.மீ.; 196 கி.கி.

உயரம் குறைந்தவருக்கு இந்த எண் உயிர்நாடி. வண்டி நிற்கும்போது கால் தரையில் படுமா, படாதா என்பதை அது சொல்லிவிடும். உங்கள் நிலை வேறு. உள்கால் நீளம் 860 மி.மீ. உள்ளவருக்கு மேற்கண்ட எல்லா வண்டிகளிலும் பாதம் தரையைத் தொடும். போதாக்குறைக்கு, நாம் ஏறி அமர்ந்தவுடன் ஷாக் அப்சார்பர் சற்று அமுங்கும். சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி அமுங்குவது இயல்பு. ஆகவே கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட உயரமான வண்டிகள், எண்ணில் தெரிவதைவிடச் சற்றுத் தாழ்வாகவே நடைமுறையில் அமைகின்றன.

எனவே 'கால் தரையில் படுகிறதா?' என்பது உங்கள் கேள்வி அன்று. 'கால்களை எங்கே வைப்பது?' என்பதே உங்கள் கேள்வி. இதற்கான விடை விவரப் பட்டியலில் அச்சிடப்படுவதில்லை. இருக்கைக்கும் கால்தாங்கிக்கும் உள்ள தூரமே அந்த விடை.

முழங்காலின் முக்கோணம்

இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் இரு பக்கங்கள் உங்கள் தொடையும் கெண்டைக்காலும். இவை பிறவியில் அமைந்தவை, மாற்ற இயலாதவை. மூன்றாவது பக்கத்தை வண்டி தீர்மானிக்கிறது.

தொடை நீளம், முழங்காலுக்குக் கீழுள்ள நீளம் ஆகிய ஒவ்வொன்றும் உடல் உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 165 செ.மீ. உயரமானவருக்கு இவை தலா 40.5 செ.மீ.; 188 செ.மீ. உயரமானவருக்குத் தலா 46 செ.மீ. ஒரு வண்டியில் அமரும்போது மூன்றாவது பக்கம் 58 செ.மீ. ஆக அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த முக்கோணக் கணிதம் இங்கே கை கொடுக்கிறது. முதலாமவரின் முழங்கால் மடக்கும் கோணம் ஏறத்தாழ 92 பாகை. நாற்காலியில் வசதியாக அமர்ந்திருப்பது போன்ற நிலை. இரண்டாமவருக்கோ அது 78 பாகையாகக் குறைந்துவிடுகிறது. குட்டை முக்காலியில் உட்கார வைத்ததுபோல் முழங்கால்கள் மேலெழும்பி நிற்கும்.

உயரமானவருக்கும் அதே 92 பாகை கிடைக்க வேண்டுமானால் மூன்றாவது பக்கம் 66 செ.மீ. ஆக வேண்டும். அதாவது இருக்கைக்கும் கால்தாங்கிக்கும் இடையே 8 செ.மீ. கூடுதல் இடம் தேவை. எஞ்சின் 100 சி.சி.யாக இருந்தாலும் 500 சி.சி.யாக இருந்தாலும், இந்த 8 செ.மீ. இல்லாத வண்டி உங்களுக்குச் சிறிய வண்டிதான்!

இது வெறும் வசதி பற்றிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். முழங்கால் மிகவும் மடங்கியிருக்கும்போது பாதம் பிரேக் மிதிக்கு மேல் இயல்பாகப் படியாது. ஒன்று, பாதத்தைத் தூக்கியே வைத்திருக்க நேரும். அல்லது மிதியின் மேலேயே அழுந்தி நிற்கும். அழுந்தி நின்றால் பின்சக்கர பிரேக் உராய்ந்துகொண்டே இருக்கும். பின்புறச் சிவப்பு விளக்கும் ஓயாமல் எரியும். நீங்கள் உண்மையில் பிரேக் போடும்போது பின்னால் வருபவருக்கு அது தெரியாமல் போகும். தூக்கியே வைத்திருந்தாலோ, தேவைப்படும்போது காலைச் சரிசெய்து மிதிக்கக் காலதாமதம் ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அரை வினாடி தாமதம் என்பது ஏறத்தாழ 7 மீட்டர் தூரம். ஒரு சிறுவன் சாலையைக் கடக்க அந்த 7 மீட்டர் போதும்.

இருக்கையின் வடிவம்

உயரமானவர்கள் தாமாகவே சற்றுப் பின்னுக்கு நகர்ந்து அமர்வார்கள். ஒரே தட்டையான நீள இருக்கை இருந்தால் இது இயலும். ஓட்டுபவர் பகுதி பள்ளமாகவும் பின்னிருக்கை மேடாகவும் படி போல் அமைந்த இருக்கையில் நகர வழியில்லை. வடிவமைத்தவர் குறித்த இடத்திலேயே பூட்டப்பட்டுவிடுவீர்கள். ஆகவே பார்வைக்கு எடுப்பாக இருக்கும் படி இருக்கையைவிட, பழைய பாணியிலான தட்டை இருக்கை நீண்ட கால்களுக்கு நண்பன்.

தாழ்ந்த இருக்கையும் முன்னால் தள்ளி வைத்த கால்தாங்கியும் கொண்ட குரூஸர் வகை வண்டிகளைப் பலர் உயரமானவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். கால்களை முன்னே நீட்டுவதால் முழங்கால் நன்கு விரியும் என்பது உண்மை. ஆனால் இங்கே ஒரு விலை கொடுக்கிறோம். சாதாரண வண்டியில் பள்ளமோ வேகத்தடையோ வந்தால் கால்தாங்கியில் அழுத்தி உடலைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். அதிர்ச்சியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். கால்கள் முன்னே நீண்டிருந்தால் அப்படி எழ இயலாது. உடலின் எடை முழுவதும் முதுகெலும்பின் அடிப்பகுதியில் இறங்கும். தெருவுக்கு இரண்டு வேகத்தடை உள்ள ஊரில் இதை மறந்துவிடலாகாது.

எட்டு போட்டுப் பாருங்கள்

ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டு வடிவப் பாதையில் வண்டியைச் செலுத்தச் சொல்வது நம்மூரில் வழக்கம். கால் ஊன்றாமல், மெதுவாக, ஹாண்டில்பாரை இருபுறமும் திருப்பி ஓட்ட வேண்டும். உயரமானவர்கள் இதில் தடுமாறுவதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணம் அன்று. ஹாண்டில்பாரை முழுதும் திருப்பும்போது அதன் முனை பெட்ரோல் டாங்க் பக்கமாக வருகிறது. உயர்ந்து நிற்கும் முழங்கால் அங்கே குறுக்கிடுகிறது. வண்டி மேலும் திரும்ப மறுக்கிறது. வண்டி சாயத் தொடங்குகிறது. கால் தரையில் ஊன்றுகிறது.

தேர்வில் தவறினால் மறுபடி எழுதலாம். சந்தையிலோ பேருந்து நிலையத்திலோ இதே நிகழ்ச்சி நேர்ந்தால் விளைவு வேறு. எனவே நிற்கும் வண்டியில் அமர்ந்து, இரு கால்களையும் கால்தாங்கியில் வைத்த நிலையில் ஹாண்டில்பார் இருபுறமும் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்ப்பது உயரமானவர்களுக்கு முதல் சோதனை.

இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது சக்கர இடைத்தூரம், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள தூரம். ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டிக்கு இது 1236 மி.மீ. கிளாசிக் 350-க்கு 1390. எக்ஸ்பல்ஸ் 200-க்கு 1410. ஹிமாலயன் 450-க்கு 1510 மி.மீ. ஹாண்டில்பாரை ஒரே அளவு திருப்பினால், இடைத்தூரம் மிகுந்த வண்டி பெரிய வட்டத்தில்தான் திரும்பும். ஹிமாலயன் 450-இன் இடைத்தூரம் ஸ்பிளெண்டரைவிட 22 விழுக்காடு அதிகம். திரும்பும் வட்டமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் விரியும். நெடுஞ்சாலையில் இதுவே வண்டிக்கு நிதானம் தருகிறது. குறுகிய சந்தில் இதுவே தொல்லை தருகிறது. நீங்கள் நாள்தோறும் செல்வது எந்தச் சாலை என்பதை நீங்களே அறிவீர்கள்.

உயரம் தரும் நன்மை

உயரத்தினால் தொல்லைகள் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு பென்சிலை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்த முயலுங்கள். நிற்காது, நொடியில் விழுந்துவிடும். அதே உள்ளங்கையில் ஒரு மீட்டர் நீளக் கம்பை நிறுத்துங்கள். சற்று முயன்றால் நின்றுவிடும். நீளமான கம்பு மெதுவாகச் சாய்வதே காரணம். சாயும் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கேற்ப மாறும். 15 செ.மீ. பென்சிலைவிட 100 செ.மீ. கம்பு சாய ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நம் கை அதைத் திருத்திவிடுகிறது.

மோட்டார் சைக்கிளில் உயரமானவர் அமரும்போது, வண்டியும் ஆளும் சேர்ந்த தொகுதியின் ஈர்ப்பு மையம் சற்று மேலே செல்கிறது. ஆகவே தொகுதி சாயும் வேகமும் சற்றுக் குறைகிறது. திருத்த நேரம் கிடைக்கிறது. அத்துடன், வண்டி நிற்கும்போது நீண்ட கால்களை அகலமாக ஊன்றி நிற்கலாம். போக்குவரத்து நெரிசலில் மற்றவர்களைவிடத் தொலைவில் நடப்பதையும் காணலாம்.

எடை: தாங்கும் வரைதான் தாங்கும்

நீண்ட கால்கள் இருப்பதால் கனமான வண்டியையும் எளிதாகத் தாங்கிவிடலாமா? இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். நேராக நிற்கும் வண்டியைத் தாங்க விசையே தேவையில்லை; ஒரு விரலால் பிடித்து நிறுத்தலாம். கடையில் ஏறி அமரும்போது 195 கிலோ வண்டியும் பஞ்சு போலத் தோன்றுவது இதனால்தான்.

வண்டி சாயத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், கை பிடிக்கும் இடம் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். 112 கிலோ வண்டி 10 பாகை சாய்ந்தால் அதைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டும். 20 பாகை சாய்ந்தால் 19 கிலோ. 30 பாகையில் 28 கிலோ. இதையே 195 கிலோ வண்டிக்குக் கணக்கிட்டால் 10 பாகையில் 17 கிலோ. 20 பாகையில் 33 கிலோ. 30 பாகையில் 49 கிலோ, அதாவது ஏறத்தாழ ஒரு சிமெண்டு மூட்டையின் எடை! அதையும் நிதானமாக அன்று. எதிர்பாராத ஒரு நொடியில், ஒரு பக்கமாக வளைந்து நின்று தூக்க வேண்டும்.

ஆகவே நீண்ட கால்கள் சாய்வைத் தொடக்கத்திலேயே தடுக்க உதவும். தடுக்கத் தவறினால் உயரமானவராலும் அதைத் தாங்க இயலாது. கூழாங்கல் மீது கால் வழுக்குவது, சரிவில் வண்டியைத் திருப்புவது, பின்னிருக்கையில் அம்மா ஏறும்போது வண்டி ஒருபக்கம் இழுப்பது ஆகியவை அன்றாடம் நேர்பவை. பழகும் நிலையில் உள்ளவர் 112 கிலோவிலிருந்து ஒரே தாவலில் 195 கிலோவுக்குச் செல்வதைவிட, 140 முதல் 160 கிலோ வரையுள்ள வண்டியில் ஓராண்டு பழகுவது நன்று.

திறன்: சட்டம் விட்ட இடத்தில் நாமே வேலி

பிரிட்டனில் பழகுநராக ஓட்டுபவர் அடிப்படைப் பயிற்சி முடித்த பிறகும் 125 சி.சி.க்கும், 11 கிலோவாட் அதாவது ஏறத்தாழ 15 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட வண்டியைத் தனியே ஓட்ட முடியாது. அடுத்த படியில் 35 கிலோவாட் வரை ஓட்டலாம். வரம்பற்ற திறனுள்ள வண்டி கடைசிப் படி. அங்குச் சட்டமே ஏணி அமைத்துக் கொடுத்திருக்கிறது.

நம் நாட்டில் பழகுநர் உரிமம் 6 மாதங்கள் செல்லும். அது கிடைத்து 30 நாட்கள் கழிந்த பின் நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குச் செல்லலாம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் காட்ட வேண்டும். கற்றுக்கொடுக்கும் உரிமம் பெற்றவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. ஆனால் 18 வயது நிரம்பிக் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் பெற்றுவிட்டால், 8 குதிரைத்திறன் வண்டியையும் ஓட்டலாம். 80 குதிரைத்திறன் வண்டியையும் ஓட்டலாம். இங்கு ஏணியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திறனை மட்டும் பார்த்தால் போதாது. வண்டி, ஆள் இருவரின் எடையோடு ஒப்பிட வேண்டும். 80 கிலோ எடையுள்ளவர் ஓட்டுவதாகக் கொள்வோம். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் திறன் ஏறத்தாழ 8 குதிரைத்திறன்; மொத்த எடை 192 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 ஏறத்தாழ 19 குதிரைத்திறன். மொத்தம் 238 கிலோ. ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கிளாசிக் 350 ஏறத்தாழ 20 குதிரைத்திறன். மொத்தம் 275 கிலோ. இங்கு உயர்வு ஒன்றே முக்கால் மடங்குதான். ஹிமாலயன் 450 ஏறத்தாழ 40 குதிரைத்திறன். மொத்தம் 276 கிலோ. இங்கோ மூன்றரை மடங்கு! ஸ்பிளெண்டரில் பழகிய கை அதே அளவுக்கு முறுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன்னிரு வண்டிகள் ஏணியின் அடுத்த படி. கடைசி வண்டி அதற்கும் அடுத்த படி.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த சாலையில் நன்றாக பிரேக் போட்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 10 மீட்டர் போதும். 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 41 மீட்டர் வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் சிக்கி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டியை வாங்குவதாக இருந்தால் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காற்றின் குறுக்கீடு

உயரமானவரின் நெஞ்சும் தலையும் பாய்மரம் போலக் காற்றை வாங்கும். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவரின் மீதும் வண்டியின் மீதும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மோதும் காற்றின் விசை ஏறத்தாழ 10 கிலோ எடைக்குச் சமம். 80 கி.மீ. வேகத்தில் அது 18 கிலோ, 100 கி.மீ. வேகத்தில் 28 கிலோ. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. உடலின் பரப்பு மிகுந்தவருக்கு இது இன்னும் சற்று அதிகம்.

இதற்குக் கண்ணாடித் தடுப்பு வைத்த வண்டிதான் தீர்வு என்பார்கள். இதிலும் எச்சரிக்கை தேவை. தடுப்பின் மேல் விளிம்பில் பிரியும் காற்று சுழன்று சுழன்று மேலெழும். சராசரி உயரமானவருக்கு அந்தச் சுழற்சி தலைக்கு மேல் சென்றுவிடும். உங்களுக்கோ நேராக ஹெல்மெட்டில் வந்து மோதும். தலை ஓயாமல் நடுங்கும். காதில் இரைச்சல் மிகும். குட்டையான தடுப்பைவிடத் தடுப்பே இல்லாத வண்டி சில நேரங்களில் உங்களுக்கு மேல். உயரத்தை மாற்றத்தக்க தடுப்பானால் மிகவும் நன்று.

மாற்றியமைக்கலாமா?

பிடித்த வண்டி சற்றே சிறியதாக இருந்தால் என்ன செய்வது? எளிய வழி இருக்கையை உயர்த்துவதுதான். இருக்கை தைப்பவரிடம் கொடுத்து 3 செ.மீ. கெட்டியான ஸ்பாஞ்ச் சேர்த்துத் தைத்தால், தேவையான 8 செ.மீ.யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்துவிடும். சில நிறுவனங்கள் உயரமான இருக்கையைத் தாமே விற்கின்றன. கால்தாங்கியைத் தாழ்த்தினாலும் இடம் கிடைக்கும். ஆனால் வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் உரசும் ஆபத்து உண்டு.

ஹாண்டில்பாரை உயர்த்தினால் குனிந்து ஓட்டும் முதுகுவலி குறையும். ஆனால் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். இழுத்துக்கட்டிய கேபிள், ஹாண்டில்பாரைத் திருப்பும்போது தானாகவே எஞ்சினை வேகப்படுத்திவிடும். அத்துடன், வண்டியின் அடிப்படை அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை செய்கிறது என்பதையும் அறிந்திருங்கள்.

செலவில்லாத திருத்தங்களும் உண்டு. கியர் லீவரை அதன் அச்சிலிருந்து கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் பெரிய காலணிக்கு இடம் கிடைக்கும். பிரேக் மிதியின் உயரத்தைச் சரிசெய்யலாம். பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஓரிரு படி இறுக்கினால், உடல் எடையால் வண்டி பின்புறம் அதிகமாக அமுங்குவது குறையும். நல்ல மெக்கானிக்குக் கால்மணி நேர வேலை.

கடையில் பத்து நிமிடம்

நிறத்தையும் விலையையும் பேசும் முன் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக அணியும் காலணியுடன் செல்லுங்கள். ஒருவரை வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரு கால்களையும் கால்தாங்கியில் வைத்து அமருங்கள்.

முதலில் ஹாண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள்; முழங்காலில் இடிக்கிறதா? அடுத்து வலது பாதத்தைப் பிரேக் மிதியின் மேல் வையுங்கள்; அழுத்தாமல் ஓய்வாக நிற்கிறதா? கால்தாங்கியில் அழுத்திச் சற்று எழுந்து நில்லுங்கள். கைகள் ஹாண்டில்பாரை எட்டுகின்றனவா? பக்கவாட்டிலிருந்து ஒரு நண்பர் படம் எடுத்தால் முழங்கால் கோணத்தை வீட்டில் பாகைமானி வைத்தே அளந்துவிடலாம். 90 பாகைக்குக் கீழ் வெகுவாகக் குறைந்தால் வேறு வண்டி பாருங்கள்.

பின் கீழே இறங்கி, எஞ்சினை இயக்காமல், வண்டியை எட்டடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். இதைத் தனியே செய்யத் தயக்கமாக இருந்தால் அந்த வண்டி இன்னும் உங்களுக்குக் கனம்தான். கடைசியாக, பத்து நிமிடமும் அசையாமல் வண்டியிலேயே அமர்ந்திருங்கள். இரண்டாம் நிமிடத்தில் தெரியாத வலி பத்தாம் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹெல்மெட்டின் விலையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஐ.எஸ். 4151 தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதாக, உங்கள் தலையின் சுற்றளவுக்குச் சரியாகப் பொருந்துவதாக அது இருக்கட்டும்.

கடைக்காரர் எஞ்சினின் சி.சி.யைச் சொல்வார், நண்பர்கள் வேகத்தைச் சொல்வார்கள், அப்பா மைலேஜைக் கேட்பார். இருக்கைக்கும் கால்தாங்கிக்கும் உள்ள தூரத்தை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். அதை அளக்க உங்கள் சட்டைப்பையில் ஓர் அளவு நாடா இருந்தால் போதும்.